டாக்டரிடம் சொல்லாத மருந்து

துங்ஷி என்ற ஊரின் கடற்கரைச் சிப்பிக் கொட்டகைகளில் காலை ஆறு மணிக்கே வேலை தொடங்கிவிடும். படகில் வந்து கொட்டிய சிப்பி ஆளுயரத்துக்குக் குவிந்து கிடக்கும். அதைச் சுற்றிக் குட்டை முக்காலி போட்டு ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். எல்லோரும் அறுபதைத் தாண்டியவர்கள். கத்தியைச் செருகி ஒரு திருகு. ஓடு ஒரு பக்கம் விழும், சதை ஒரு பக்கம் விழும். நாற்பது வருடப் பழக்கம், கை தன்பாட்டுக்குச் செய்யும். காதுக்கும் ஏதாவது வேலை வேண்டுமே, அதற்காகத்தான் தூணில் ரேடியோ தொங்கியது.

"என் பெரியப்பாமாரே, என் சித்திமாரே! காலையில கஞ்சி குடிச்சாச்சா? யாராச்சும் குடிக்காம இருந்தீங்க, இந்த சுன்ஹோங்குக்குத் தொண்டையில சோறு இறங்காது, ஆமா!"

"குடிச்சாச்சு, குடிச்சாச்சு!" என்று கொட்டகையே ரேடியோவுக்குப் பதில் சொன்னது.

"இன்னிக்கி யாரு குரலைக் கேக்கப் போறீங்க தெரியுமா? நம்ம துங்ஷி கிம்ஹியோ சித்தி! நேத்து எனக்குப் போன் பண்ணிச்சு. கேளுங்க, நான் ஒண்ணும் சொல்லல, சித்தி வாயாலயே கேளுங்க."

கத்திகள் நின்றன. எல்லோரும் தங்களோடு சிப்பி உடைத்துக்கொண்டிருந்த கிம்ஹியோவைத் திரும்பிப் பார்த்தார்கள். ரேடியோவிலிருந்து கிம்ஹியோவின் குரல், கொஞ்சம் மூக்கால், கொஞ்சம் வெட்கத்தோடு வந்தது. எங்க வீட்டுக்காரருக்கு ரெண்டு வருசமா முட்டி வலி, காலெல்லாம் வீக்கம், படகுல ஏற முடியாது, ஆஸ்பத்திரிக்காரங்க கிட்னி பாதி போச்சுன்னுட்டாங்க. சுன்ஹோங் தம்பி ரேடியோவுல விக்கிற கருப்புக் குளிகையச் சாப்பிட்டு மூணே வாரம், இப்ப அவராவே எழுந்து மார்க்கெட்டுக்குப் போய் மீன் வாங்கிட்டு வர்றாரு.

"அடியாத்தீ, ரேடியோவுல உனக்குப் பதினெட்டு வயசுக் குரல்டீ! கிழவன் கேட்டா மறுபடியும் பொண்ணு பாக்க வந்துருவான்" என்றாள் ஒருத்தி. கிம்ஹியோவின் பக்கத்து முக்காலியில் இருந்த போங்ச்சி மட்டும் சிரிக்கவில்லை. தன் முழங்காலைத் தடவிக்கொண்டே, "அக்கா, எனக்கும் ரெண்டு டப்பா சொல்லி வையேன். நீ பொய் சொல்லமாட்ட" என்றாள்.

கிம்ஹியோ பொய் சொல்லவில்லைதான். அவள் கணவன் தியென்சாங் எழுந்து நடந்தது உண்மை. முட்டி வலி பறந்தது உண்மை. கன்னம்கூட உப்பி, பார்ப்பவர்கள் எல்லாம் "ஆளு தேறிட்டாரே" என்றார்கள். அந்தக் குளிகைக்குள் மூலிகையோடு கூட வேறு என்னென்ன அரைத்துப் போட்டிருந்தார்கள் என்பதை அவளுக்கு யார் சொல்வது? டப்பாவின் மேல் ஒரு தாமரைப் படமும், நூறு வருட ரகசியம் என்ற எழுத்தும் இருந்தன. அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரிக்கு அவள் போகாமல் இல்லை. இரண்டு வருடம் முன்பு தியென்சாங்கின் கால் வீங்கியபோது அவள்தான் இழுத்துக்கொண்டு போனாள். லியாவ் டாக்டர் என்ற பெண் டாக்டர். ஒரு காலையில் நூறு பேரைப் பார்க்கிறவள். ஆளுக்கு மூன்று நிமிடம் கிடைத்தால் அதிகம். ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு நிமிராமலே பேசினாள்.

"ஐயா, சிறுநீரகம் பாதிக்கும் கீழ போயிடுச்சு. ரத்த அழுத்தம் எவ்வளவு ஏறிக் கிடக்கு பாருங்க. கிட்னியும் இதயமும் ஒரே படகுல துடுப்புப் போடுற ரெண்டு ஆளு. ஒருத்தன் அசந்தா இன்னொருத்தன் தலையில விழும். இந்த மாத்திரையை ஒரு நாளும் விடக்கூடாது. உப்பைக் குறைங்க. காலையில என்ன சாப்பிடுறீங்க?"

"கஞ்சி" என்றான் தியென்சாங்.

"தொட்டுக்க?"

"உப்பு மீனு, ஊறின வெள்ளரிக்கா, அப்புறம் சோயா..."

"எத்தனை பேருக்கு எத்தனை தடவை சொல்றது! அதெல்லாம் விஷம் உங்களுக்கு. இப்பிடியே போனா வாரத்துக்கு மூணு நாள் மிஷின்ல கிடந்து ரத்தத்தைக் கழுவ வேண்டியதுதான்."

கழுவுவது என்ற சொல்லைக் கிம்ஹியோ பிடித்துக்கொண்டாள். ஊரில் சிறுநீரகம் கழுவப் போன ஏழு பேரை அவளுக்குத் தெரியும். எல்லோரும் அதே ஆஸ்பத்திரி மாத்திரையைச் சாப்பிட்டவர்கள்தான். மாத்திரை சாப்பிட்டார்கள், பிறகு கழுவப் போனார்கள். நோய் முற்றியதால் போனார்கள் என்று அவளுக்குத் தோன்றவில்லை. மாத்திரைதான் கொண்டுபோய் விட்டது என்று ஊரே பேசியது, அவளும் நம்பினாள். சுன்ஹோங் அந்த நம்பிக்கைக்குத் தினமும் தண்ணீர் ஊற்றினான். "ஆஸ்பத்திரி மாத்திரை எங்க போகுது சித்தி? நேரா கிட்னிக்கு! ஒண்ணா ரெண்டா, ஒரு கைப்பிடி! கிட்னி என்ன குப்பைத் தொட்டியா?"

அவன் பேசுவதைக் கேட்க அவளுக்குப் பிடித்திருந்தது. மகன் தைப்பேயில் இருந்தான். நல்ல பிள்ளைதான், ஆனால் புத்தாண்டுக்கு வந்து இரண்டு நாள் தங்கினால் மூன்றாவது நாள் வாட்சைப் பார்ப்பான். அவளுடைய அறுபத்தேழாவது பிறந்தநாளை அவன் மறந்துவிட்டான். சுன்ஹோங் மறக்கவில்லை. காலையிலேயே ரேடியோவில் அவள் பெயரைச் சொல்லி, போனில் கூப்பிட்டுப் பழைய பாட்டு ஒன்றை இரண்டு வரி பாடவும் வைத்தான். எட்டு ஊர் கேட்டது. அன்று முழுக்க அவள் கை சிப்பி உடைத்ததா இல்லையா என்றே அவளுக்குத் தெரியவில்லை. பிள்ளை பெறாமல் கிடைத்த பிள்ளை என்று நினைத்தாள், பாவம்.

டாக்டர் கேட்பது "மாத்திரை சாப்பிட்டீங்களா?" சுன்ஹோங் கேட்பது "கஞ்சி குடிச்சீங்களா?" இரண்டில் எது காதுக்கு இனிக்கும்?

ஆக, ஆஸ்பத்திரி மாத்திரை நின்றது. ஆனால் வாங்குவது நிற்கவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை காப்பீட்டு அட்டையை எடுத்துக்கொண்டு போவாள், வரிசையில் நிற்பாள், மாத்திரைப் பையை வாங்கி வருவாள், பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடுவாள். வாங்காவிட்டால் டாக்டர் கண்டுபிடித்துவிடுவாள், கண்டுபிடித்தால் திட்டுவாள். துங்ஷியில் இப்படி ஒரு பிஸ்கட் டப்பா இல்லாத வீடு குறைவு.

"ஒழுங்கா சாப்பிடுறாரா அம்மா? அழுத்தம் இறங்கவே இல்லையே" என்று ஒருமுறை லியாவ் டாக்டர் நெற்றியைச் சுருக்கினாள்.

"ஒருவேளை விடலீங்க டாக்டர். நானே கையில குடுத்து, முழுங்குறதைப் பாத்துட்டுத்தான் போவேன்."

டாக்டர் நம்பினாள். மாத்திரையைக் கூட்டி எழுதினாள். கூட்டிய மாத்திரையும் பிஸ்கட் டப்பாவுக்குள் போனது. வெளியே வந்ததும் தியென்சாங், "என்னமா புளுகுற கிழவி! நான் மாத்திரை முழுங்குறதை எனக்கே பாத்த மாதிரி இருந்துச்சு" என்று சிரித்தான். அவளும் சிரித்தாள்.

அதற்குப் பிறகு அவனை அழைத்துப் போவதையே விட்டுவிட்டாள். ரத்தம் எடுக்க வரச்சொல்லி ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு முறை போன் செய்தார்கள். ஒருமுறை பேரன் வந்திருக்கிறான் என்றாள், ஒருமுறை கோயில் விழா என்றாள்.

குளிகை தொடங்கி ஒரு வருடம் ஓடியது. அந்த வருடத்துக் குளிரில் தியென்சாங்கின் கால் மறுபடி வீங்கியது. செருப்பு நுழையவில்லை. முகம் முழு நிலவுபோல் வட்டமாகிவிட்டது, ஆனால் கையும் காலும் சூம்பின. லேசாக எங்கேயாவது இடித்தாலே தோலில் நீலம் பாய்ந்தது. சோற்றைக் கண்டால் குமட்டினான். உடம்பெல்லாம் அரிப்பு. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கப் பழகினான்.

கிம்ஹியோ பயந்துபோய் போன் செய்தாள். ஆஸ்பத்திரிக்கு அல்ல, சுன்ஹோங்குக்கு.

"அட, நல்ல சேதிதானே சித்தி சொல்றீங்க!" என்றான் அவன். "உள்ளுக்குள்ள இருபது முப்பது வருசமா கிடந்த விஷம் வெளிய வருது. வீங்கும், அரிக்கும், குமட்டும். எல்லாம் இறங்குறப்போ அப்பிடித்தான். இந்த நேரத்துல விட்டுட்டா அவ்வளவும் வீணாப் போயிரும். ஒண்ணுக்கு ரெண்டாக் குடுங்க. பெரியப்பாகிட்ட சொல்லுங்க, சுன்ஹோங் கேட்டான்னு."

அவளுக்கு உயிர் வந்தது. ஒன்றுக்கு இரண்டாகக் கொடுத்தாள்.

"இன்னுமா விஷம் இறங்குது?" என்றான் தியென்சாங், ஒரு மாதம் கழித்து. ஒரு வாக்கியம் சொல்ல மூன்று முறை மூச்சு வாங்க வேண்டியிருந்தது. "ஏன் கிழவி, நான் என்ன நாகப்பாம்பா? இவ்வளவு விஷத்தை வச்சுக்கிட்டா... நாப்பது வருசம் உன்னோட குடும்பம் நடத்தினேன்?"

"வாயை மூடிக்கிட்டு முழுங்கு" என்றாள் அவள். அவன் முழுங்கினான். அவள் கையால் கொடுத்த எதையும் அவன் வேண்டாம் என்று சொன்னதில்லை.

ஒரு நாள் மட்டும் கேட்டான். "அந்த டாக்டரம்மாவை ஒரு தடவை பாத்துட்டு வரலாமா?"

"போனா மிஷின்ல போட்டுருவா. போனவன் எவன் திரும்பி வந்தான்? கொஞ்சம் பொறு."

அவன் பொறுத்துக்கொண்டான். பத்து நாள் கழித்து ஒரு மத்தியானம், சிப்பி போட்ட சேமியாக் கிண்ணத்தை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன், எழுந்திருக்கப் பார்த்துச் சரிந்தான். உதடு நீலமாகிவிட்டது. தொண்டையில் தண்ணீர் கொதிப்பதுபோல் ஒரு சத்தம். வாயோரம் இளஞ்சிவப்பு நுரை. கிம்ஹியோ போட்ட கூச்சலில் போங்ச்சி ஓடிவந்து ஆம்புலன்ஸுக்குச் சொன்னாள்.

ஆஸ்பத்திரியில் லியாவ் டாக்டரே ஓடிவந்தாள். நுரையீரலில் தண்ணீர் கட்டியிருந்தது. இதயம் வீங்கித் தளர்ந்திருந்தது. சிறுநீரகத்தில் மிச்சம் என்று சொல்ல ஒன்றுமே இல்லை. கழுத்தில் குழாய் போட்டு அப்போதே இயந்திரத்தில் சேர்த்தார்கள். எந்த இயந்திரத்துக்குப் பயந்து இத்தனையும் செய்தாளோ அதே இயந்திரம் அவன் தலைமாட்டில் சுற்றியது.

டாக்டர் தியென்சாங்கின் வட்ட முகத்தைப் பார்த்தாள். கையைத் திருப்பி நீலத் திட்டுகளைப் பார்த்தாள். பிறகு கிம்ஹியோவை வெளியே அழைத்தாள்.

"அம்மா, வெளி மருந்து ஏதாச்சும் குடுத்தீங்களா? மூலிகை, குளிகை, சூரணம், யாராச்சும் சொன்னதுன்னு?"

"இல்லீங்க டாக்டர்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. முட்டி வலிக்கு? ரேடியோவுல விக்கிறாங்களே, அது மாதிரி? நான் திட்டமாட்டேன். எனக்குத் தெரிஞ்சாகணும்."

நடைபாதையில் ஊர்க்காரர்கள் நான்கு பேர் நின்றார்கள். போங்ச்சி நின்றாள். ரேடியோவில் எட்டு ஊர் கேட்கப் பேசியவள் அவள். இப்போது அந்த வாயால் என்ன சொல்வாள்? நான்தான் கொடுத்தேன் என்றா? திட்டமாட்டேன் என்று சொல்லும்போதே டாக்டரின் குரலில் திட்டு கேட்டதாக அவளுக்குத் தோன்றியது.

"நீங்க குடுத்த மாத்திரை மட்டுந்தாங்க. மாட்ஸு அம்மன் மேல சத்தியமா."

கடலுக்குப் போகிறவர்களைக் காக்கும் அம்மன் மேல் துங்ஷியில் யாரும் பொய்ச் சத்தியம் செய்யமாட்டார்கள். லியாவ் டாக்டரும் அந்தக் கடற்கரையில் பிறந்தவள்தான். தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள்.

முதல் நாள் கழுவியதில் தியென்சாங்குக்கு மூச்சு வந்தது. இரண்டாம் நாளும் கழுவினார்கள். கால் வீக்கம் வற்றி, எலும்பு தெரிந்தது. சாய்ந்து உட்கார்ந்துகொண்டு கொஞ்சம் கஞ்சி கேட்டான்.

"உப்பில்லாத கஞ்சியா! இதைக் குடிக்கிறதுக்கு... அந்த நாகப்பாம்பு விஷமே தேவல" என்றான். கிம்ஹியோவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அவன் குரலைத் தாழ்த்தினான். "ஏய், மிஷின் ஒண்ணும் அவ்வளவு பயங்கரமா இல்லடீ. கொஞ்சம் குளிருது, அவ்வளவுதான். இதுக்காடீ நாம... மூணு வருசம் பயந்தோம்?" அவள் அவனுக்குப் போர்த்திவிட்டாள்.

மூன்றாம் நாள் காலை அவனுடைய ரத்த அழுத்தம் இறங்கத் தொடங்கியது. வியர்த்தது, வாந்தி எடுத்தான், பேச்சு குழறியது. நர்ஸுகள் ஓடினார்கள். மருந்து ஏற்றினார்கள், அழுத்தம் ஏறவில்லை. இன்னொன்று ஏற்றினார்கள், ஏறவில்லை. லியாவ் டாக்டர் தாள்களைப் புரட்டினாள். தொற்றா, மாரடைப்பா, எங்காவது ரத்தம் கசிகிறதா என்று ஒவ்வொன்றாகத் தேடினார்கள். அந்தத் தேடலில் ஒரு மத்தியானம் முழுக்கப் போயிற்று.

கிம்ஹியோ கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தாள். தியென்சாங்கின் கை கட்டிலிலிருந்து தொங்கியது. யாருக்கும் அதை எடுத்து உள்ளே வைக்க நேரமில்லை. அதைப் பார்த்ததும் அவளுக்குள் இருந்த வெட்கம், பயம், ஊர், ரேடியோ எல்லாம் ஒன்றுமில்லாமல் போயின. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

"டாக்டர்! குடுத்தேன். கருப்புக் குளிகை குடுத்தேன். ஒரு வருசமா. கடைசி ரெண்டு மாசம் ரெண்டு மடங்கா. உங்க மாத்திரை ஒண்ணுகூடக் குடுக்கல. எல்லாம் டப்பாவுல இருக்கு."

லியாவ் டாக்டர் கையிலிருந்த தாள்களைக் கீழே போட்டாள். பிறகு நர்ஸைப் பார்த்து ஒரு ஊசியின் பெயரைக் கத்தினாள். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் கிம்ஹியோவுக்குத் தேவலை என்றிருக்கும்.

ஊசி போட்டு இரண்டு மணி நேரத்தில் அழுத்தம் கொஞ்சம் ஏறியது. ஆனால் ஏற்கெனவே களைத்துப்போன இதயம் அந்த மத்தியானத்தைத் தாங்கவில்லை. மறுநாள் காலை பத்து மணிக்குத் தியென்சாங் இறந்தான்.

லியாவ் டாக்டர் அவளை நாற்காலியில் உட்காரவைத்து, பக்கத்தில் தானும் உட்கார்ந்து, முதல்முறையாக மூன்று நிமிடத்துக்கு மேல் பேசினாள். "அந்தக் குளிகையில ஸ்டீராய்டும் வலி மாத்திரையும் கலந்திருப்பாங்க அம்மா. அதான் முதல்ல வலி பறந்துச்சு. வலி மாத்திரை கிட்னியைத் தின்னுச்சு. அழுத்த மாத்திரை இல்லாம இதயம் வீங்கிருச்சு. ஸ்டீராய்டுக்கு உடம்பு பழகிப்போச்சுன்னா சட்டுனு நிறுத்தக்கூடாது. நிறுத்தினா அழுத்தம் இறங்கி உடம்பு அப்பிடியே உக்காந்துரும். இங்க வந்ததும் குளிகை நின்னுபோச்சு, முதல் நாளே தெரிஞ்சிருந்தா ஸ்டீராய்டையும் சேத்துக் குடுத்திருப்பேன்." கிம்ஹியோவின் பக்கம் திரும்பினாள். "அவர் முகத்தைப் பாத்தே எனக்குச் சந்தேகம் வந்துச்சு. நீங்க சத்தியம் பண்ணதும் விட்டுட்டேன். நானும் விட்டிருக்கக் கூடாது."

வீட்டு வாசலில் துக்கப் பந்தல் போட்டார்கள். மகன் தைப்பேயிலிருந்து வந்து, எதற்கென்று தெரியாமல் எல்லோரிடமும் தலை குனிந்துகொண்டே இருந்தான். சிப்பிக் கொட்டகைப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, அடக்கத்தன்று எரிப்பதற்கு மஞ்சள் தாளில் தாமரை மடித்தார்கள். சிப்பி உடைக்கும் அதே வேகம், அதே பேச்சு, குரல் மட்டும் தாழ்வு. கிம்ஹியோவும் மடித்தாள். என்ன நோய் என்று கேட்டவர்களிடம் "இதயம்" என்று மட்டும் சொன்னாள். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ஐந்து நாள் அப்படியே போயிற்று.

ஆறாம் நாள் பூக்கடை வண்டி ஒன்று வந்து நின்றது. ஆளுயர மலர்வளையம், வெள்ளைச் சாமந்தியும் அல்லியுமாக. நாடாவில் எழுதியிருந்ததைப் போங்ச்சி எழுத்துக்கூட்டிப் படித்தாள்: "அன்புப் பெரியப்பாவுக்கு, மகன் சுன்ஹோங்."

பந்தல் முழுக்க ஒரு பெருமூச்சு எழுந்தது. "பாத்தியா! பெத்த பிள்ளைகூட இப்பிடிச் செய்யாது." "நல்ல மனசு, நல்ல மனசு."

"நான்தான் அக்கா போன்ல சொன்னேன்" என்றாள் போங்ச்சி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "குளிகை சொல்லலாம்னு கூப்பிட்டேன். பெரியப்பா போயிட்டாருன்னதும் தம்பி ஓன்னு அழுதுருச்சு. பூவோட உனக்கும் ஒண்ணு அனுப்பியிருக்கு பாரு."

வண்டிக்காரர் ஒரு பெட்டியை நீட்டினார். அதே தாமரைப் படம், நிறம் மட்டும் சிவப்பு. உள்ளே ஒரு சீட்டு: சித்தி மனசு உடையக்கூடாது. இது இதயத்துக்கு. துக்கம் முடியும்வரை காசு வேண்டாம்.

கிம்ஹியோ பெட்டியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு எழுந்தாள். "இந்தப் பூவை எடுத்துட்டுப் போங்க" என்று வண்டிக்காரரிடம் சொன்னாள். "பெட்டி இங்க இருக்கட்டும். ஆஸ்பத்திரியில காட்டணும்."

"என்னக்கா இது, செத்த வீட்டுக்கு வந்த பூவைத் திருப்பலாமா?" என்று போங்ச்சி பதறினாள்.

"நான் கொன்னுட்டேன் போங்ச்சி."

மடித்துக்கொண்டிருந்த கைகள் நின்றன. மகன் எழுந்து வந்து அம்மாவின் தோளைப் பிடித்தான். அவள் தட்டிவிட்டாள்.

"விடு, சொல்லி முடிக்கிறேன். கிழவனுக்குக் கருப்புக் குளிகையக் குடுத்தது நான். ஆஸ்பத்திரி மாத்திரையப் பிஸ்கட் டப்பாவுல போட்டு மூடினது நான். டாக்டரம்மா ரெண்டு தடவை கேட்டா, அம்மன் மேல பொய்ச் சத்தியம் பண்ணேன். அன்னைக்கே உண்மையச் சொல்லியிருந்தா மனுசன் இன்னிக்கி உப்பில்லாத கஞ்சின்னு சண்டை போட்டுக்கிட்டு உக்காந்திருப்பான். ரேடியோக்காரன் என்னைச் சித்தின்னான், நான் உருகிட்டேன். அவன்கிட்ட கிழவனோட மூத்திரத்துல இருந்து மூச்சு வரைக்கும் அத்தனையும் சொன்னேன். அவனுக்கு வைத்தியம் தெரியுமா? டப்பா விக்கத்தான் தெரியும். வைத்தியம் தெரிஞ்சவகிட்ட வாயைத் திறக்கல, திட்டுவாளேன்னு."

தூரத்தில் எங்கோ ஒரு வீட்டில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. பந்தலில் உட்கார்ந்திருந்த பத்துப் பன்னிரண்டு பேரும் அவரவர் வீட்டுப் பிஸ்கட் டப்பாவை நினைத்தார்கள் என்பது அவர்கள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

போங்ச்சி கிம்ஹியோவின் கையைப் பிடித்து இழுத்தாள். "நீ சொல்லித்தானே அக்கா நான் வாங்கினேன்? ஒரு வருசமா தின்னுக்கிட்டிருக்கேன். ரேடியோவுல சொன்னப்ப எவ்வளவு சந்தோசமா சொன்ன! இப்ப இப்பிடிச் சொல்ற. எதை நான் நம்புறது?"

கிம்ஹியோ அவள் காலடியில் உட்கார்ந்தாள். குனிந்து, போங்ச்சியின் காலுறையைக் கீழே இறக்கி, கணுக்காலுக்கு மேல் கட்டைவிரலால் அழுத்தி எடுத்தாள். விரல் பட்ட இடம் குழியாகவே நின்றது. இருவரும் அந்தக் குழியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது சீக்கிரம் நிரம்பவில்லை.

"நாளைக்குக் காலையில கிளம்பு, நானும் வர்றேன்" என்றாள் கிம்ஹியோ.

"உனக்கு இங்க காரியம் இருக்கே."

"இருக்கிறவங்களை விட்டுட்டுச் செத்தவனுக்கு என்ன காரியம்? அவனே என்னைத் திட்டுவான். குளிகைய நீயா நிறுத்திராத, அதுவும் ஆபத்தாம். டப்பாவோட எடுத்துக்கிட்டு வா. தின்னது, தின்னாதது, ஒளிச்சு வச்சது எல்லாத்தையும் டாக்டரம்மா மேசையில கொட்டு."

"ஏன் மறைச்சேன்னு கேட்டுத் திட்டுவாங்களே அக்கா..."

"திட்டட்டும்டீ!" கிம்ஹியோவின் குரல் பந்தலைத் தாண்டித் தெருவுக்குக் கேட்டது. "டாக்டர் திட்டினா காது வலிக்கும், அவ்வளவுதான். டாக்டர்கிட்ட மறைச்சா ஆளே போயிரும்."

போங்ச்சி மடியிலிருந்த தாள் தாமரையைக் கீழே வைத்துவிட்டு, டப்பாவை எடுத்துவரத் தன் வீட்டுக்குப் போனாள். அவள் பின்னால் இன்னும் இரண்டு பேர் எழுந்தார்கள்.